அலைவெளியில் அயலார்

வீட்டு வைஃபையில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை முதன்முறையாகத் திறந்து பார்க்கும் எவரும் சற்றே திடுக்கிடுவர். வீட்டில் இருப்பவர் நால்வர். பட்டியலிலோ பதினொரு கருவிகள். இரண்டு, மூன்றின் பெயர் விளங்குகிறது. மற்றவை எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட சரங்களாகவோ, ஒருபோதும் கேள்விப்படாத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயராகவோ, ‘அறியப்படாத கருவி’ என்னும் ஒற்றை வரியாகவோ நிற்கின்றன. மனத்தில் முதலில் எழும் கேள்வி ‘இது என்ன?’ என்பதன்று, ‘இவன் யார்?’ என்பதே. அடுத்த நொடியில் பக்கத்து வீட்டுப் பையனின் முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இந்தத் திடுக்கிடல் வைஃபையோடு பிறந்ததன்று. கம்பி இருந்தவரை, அதைத் தொட்டவரே செய்தியை அறிய முடிந்தது. கம்பியை விட்டுச் செய்தி காற்றில் ஏறிய நாளிலிருந்து, ‘நம் அலையில் இருப்பவர் யார்?’ என்னும் ஐயமும் உடன் ஏறிக்கொண்டது. இந்த ஐயத்தின் வரலாற்றைப் படிக்க இந்தியாவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் அரிது. அங்கே அது ஒருமுறை உயிர்களைக் குடித்திருக்கிறது.

1

1905ஆம் ஆண்டில் போர்ட் பிளேருக்கும், பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தை ஒட்டிய டயமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 300 மைல். ஆலிவர் லாட்ஜ், அலெக்சாண்டர் மியூர்ஹெட் ஆகிய இருவர் உருவாக்கிய முறை அது. அதுவரை கைதிகளின் குடியேற்றமாகிய போர்ட் பிளேருக்குச் செய்தி கப்பலில்தான் வந்தது. கப்பல் வராத நாள்களில் வெளியுலகமே இல்லை.

லாட்ஜின் பெயர் நினைக்கத்தக்கது. அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே அலைவரிசைக்கு இசைத்து வைக்கும் உத்திக்கு 1897இல் காப்புரிமை கோரியவர் அவர். இரண்டு தம்புராக்களை ஒரே சுருதிக்குக் கூட்டுவதை ஒத்த செயல் இது. சுருதி சேர்ந்த கருவிக்கு மட்டும் செய்தி கேட்கும். மற்றவை கேட்டும் கேளாதவையாய் இருக்கும். இதையே ‘இரகசியம்’ என்று அன்றைய உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கை 1903 ஜூன் மாதம் இலண்டனில் நகைப்புக்கு இடமாகிப் போயிருந்தது. ராயல் இன்ஸ்டிட்யூஷன் அரங்கில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் மார்க்கோனியின் கருவியை விளக்கிக்கொண்டிருந்தார். தொலைவிலுள்ள கார்ன்வாலிலிருந்து மார்க்கோனியின் செய்தி வரவிருந்தது. அதற்குச் சற்று முன்னர் கருவி தானாகவே தட்டத் தொடங்கியது. வந்தது ‘எலிகள்’ என்னும் ஒரே சொல், திரும்பத் திரும்ப. அதையடுத்து மார்க்கோனியைக் கேலி செய்யும் வரிகள். அருகிலேயே ஒரு கருவியை வைத்து அதை அனுப்பியவர் நெவில் மாஸ்கலின் என்னும் மாயவித்தைக்காரர். கம்பியில்லா வலையமைப்பில் அழையாமல் நுழைந்த அயல் கருவிகளில் பதிவான முதல்வரிசை நிகழ்வு இது. சுருதி ஒத்திருப்பது உறவைக் காட்டாது என்பதை அது நிறுவிற்று.

2

ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தமான் கடலுக்கே ஓர் அயலான் வந்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், தமிழுக்குள் ஒரு சொல்லாகவே குடியேறிவிட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்றால் எவர் பிடிக்கும் அகப்படாத சூழ்ச்சிக்காரன் என்று பொருள். தமிழ் வழக்கு கப்பலின் குணத்தைச் சரியாகவே பற்றிக்கொண்டது.

தலைவர் கார்ல் ஃபான் முல்லரின் சூழ்ச்சி இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது மௌனம். எம்டனின் வானொலிக் கருவி மற்றக் கப்பல்களின் உரையாடல்களைக் கேட்டுக்கொண்டே இருந்தது, பேசுவதைத் தவிர்த்தது. கேட்பவனைக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டாவது வேடம். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பலான யார்மவுத்தின் தோற்றத்தை அது பூண்டது. அக்டோபர் இறுதியில் நிக்கோபார் தீவுகளின் மறைவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, 28ஆம் நாள் விடியலில் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்தது. தெரிந்த உருவம், ஆகவே தடுத்தவர் இல்லை. ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் அங்கேயே மூழ்கியது.

எம்டனை வீழ்த்தியது பீரங்கிக்கு முன்னர் ஒரு கேள்விதான். நவம்பர் 9 காலை, கொக்கோஸ் தீவுகளின் டைரக்‌ஷன் தீவிலிருந்த தந்தி நிலையத்தார் அறிமுகமற்ற ஒரு வானொலிக் குறிப்பைக் கேட்டனர். என்ன குறியீடு என்று வினவினர். முறையான விடை இல்லை. உடனே, இனந்தெரியாத கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று அலைவெளியில் அறிவித்தனர். சுமார் 50 கடல் மைல் தொலைவில் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதைக் கேட்டுத் திரும்பியது. அன்றே எம்டனின் கதை முடிந்தது.

பினாங்கில் எவரும் வினவவில்லை. டைரக்‌ஷன் தீவில் வினவினர். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டே நாள்கள்.

3

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பேசினால்தான் குற்றம் என்ற நிலை மாறி, கையில் இருந்தாலே குற்றம் என்றாயிற்று. கருவியும் ஐயமும் சட்டத்தில் ஒன்றாகப் பிணைந்த காலம் அது.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. அதன்பின் அந்தமான் கடலில் ஜப்பானியக் கப்பல்கள் நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்கு இரையாகத் தொடங்கின. செய்தி எங்கிருந்தோ கசிகிறது என்னும் முடிவுக்கு வந்த படைத் தலைமை, கசிவின் ஊற்றைக் காட்டிலோ கடலிலோ தேடாமல் ஊருக்குள் தேடியது. ஒற்றர் வழக்குகள் பிறந்தன. 1943 மார்ச்சில் காவல் அதிகாரி நாராயண் ராவ் உள்ளிட்ட எழுவர் கொல்லப்பட்டனர். இவர்களில் இந்திய விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர்.

உண்மையில் தீவுக்குள் ஓர் அயலான் இருந்தான். 1943 ஜனவரியில் ஓ-24 என்னும் டச்சு நீர்மூழ்கி, டெனிஸ் மெக்கார்த்தி என்பவரையும் அவருடன் சில இந்திய வீரர்களையும் மத்திய அந்தமானின் மேற்குக் கரையில் இரகசியமாக இறக்கிவிட்டது. மெக்கார்த்தி போருக்கு முன் அந்தமானில் காவல்துறைக் கண்காணிப்பாளராய் இருந்தவர். அடர்காட்டினூடே நடந்து போர்ட் பிளேரின் அருகுவரை வந்து, செய்தி திரட்டி, மார்ச் மாதத்தில் நீர்மூழ்கியிலேயே திரும்பிச் சென்றார். ‘பால்ட்ஹெட்’ என்னும் பெயரில் மேலும் சில குழுக்கள் பின்னர் வந்தன. வானொலிக் கருவி காட்டில் இருந்தது. தண்டனை ஊரில் விழுந்தது.

மருத்துவர் திவான் சிங் பஞ்சாபிக் கவிஞர். ‘காலேபானி’ என்னும் அடைமொழியால் அறியப்பட்டவர். அந்தமானில் விடுதலைக் கழகத்தின் தலைவர். 1943 அக்டோபரில் அவரும் ஒற்றர் என்று கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேர் வந்து, மறுநாள் தேசியக் கொடியை ஏற்றினார். கொடி ஏறிய வேளையில் திவான் சிங் செல்லுலார் சிறைக்குள் வதைபட்டுக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று அவர் இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் மீதும் அதே ஒற்றர் பழிதான். அவ்விடத்தில் இன்று நினைவுச்சின்னம் உள்ளது.

போரின் இறுதி மாதங்களில் கார் நிக்கோபாரில் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. நேச நாட்டு விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ஒளிச்சைகை காட்டினர் என்று நிக்கோபாரியர் பலர் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். பின்னாளில் பேராயராகவும், தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆன ஜான் ரிச்சர்ட்சனின் மகனும் மாண்டவர்களுள் ஒருவர். 1946இல் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் இக்கொலைகள் ஆராயப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்பட்டது.

திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம் இங்கே நினைவுக்கு வருகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்வது அது. ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால் மட்டுமே தெளியச் சொல்வது அது. போர்ட் பிளேரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. வதையில் ஒருவன் உச்சரித்த பெயரே அடுத்தவனுக்குச் சான்றாயிற்று. அடுத்தவன் வதையில் ஒப்புக்கொண்டது முதலாமவனின் சொல்லை மெய்ப்பித்ததாகக் கொள்ளப்பட்டது. அது ஒரே ஊற்றின் எதிரொலி; சரிபார்ப்பு அன்று.

4

இந்த இருளுக்குப் பின் அலைவெளியில் ஓர் ஒளி தோன்ற அறுபது ஆண்டுகள் ஆயின. எல்லைப்புறத் தீவுகள் என்பதால் அங்கிருந்து அமெச்சூர் வானொலி இயக்க அனுமதி பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. நீண்ட முயற்சிக்குப் பின் அனுமதி பெற்ற பாரதி பிரசாத், 2004 டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஒரு நிலையத்தை அமைத்தார். அவருடைய அழைப்புக் குறி வியூ4ஆர்பிஐ. அதில் ‘வியூ’ இந்தியாவைக் குறிக்கும். ‘4’ அந்தமான் நிக்கோபாரைக் குறிக்கும். உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்கள் அந்தக் குறியைத் தேடிப் பிடித்து மகிழ்ந்துகொண்டிருந்தனர்.

டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டாகத் தொடங்கிய நிலையம் அன்று தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் நிலையமாயிற்று. யார் உயிரோடு இருக்கிறார், யாருக்கு என்ன தேவை என்னும் வினாக்களுக்கு அதன் வழியே விடைகள் சென்றன.

அலைவெளியில் முகம் தெரியாத ஒரு குரலை உலகம் ஐயமின்றி நம்பியது எப்படி? ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் தன் குறியைச் சொல்வது அமெச்சூர் வானொலியின் மரபு. குறி யாருக்கு வழங்கப்பட்டது என்பது பதிவேட்டில் உண்டு. அலைவெளியில் அயலாரும் உற்றாரும் பழக உதவும் ஒழுங்கு இதுவே: தன்னை அறிவித்தல், அறிவித்ததைச் சரிபார்க்க இடம் தருதல்.

5

2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 1933இல் கருவி வைத்திருப்பதற்கே உரிமம் கேட்ட நாட்டில், எவரும் தம் வீட்டில் ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவிக்கொள்ளலாம் என்றாயிற்று. வைஃபை ரவுட்டர் என்பது அதுவே. உரிமம் போனதோடு பதிவேடும் போயிற்று. யார் பேசுகிறார் என்று அறியும் பொறுப்பு அரசிடமிருந்து வீட்டுக்காரரின் தோளுக்கு இறங்கியது. இதைப் பெரும்பாலோர் உணரவில்லை.

உணர்த்தியது 2008ஆம் ஆண்டு. ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. அதன் தடம் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் முடிந்தது. அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன. அவர் பலமுறை விசாரிக்கப்பட்டார். முறையாகப் பூட்டப்படாத அவருடைய வைஃபையை வெளியிலிருந்து வேறொருவர் பயன்படுத்தியிருந்தார் என்பது பின்னரே தெளிவாயிற்று. முகவரி உண்மை, அதில் வசித்தவர் குற்றமற்றவர். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை பயன்படுத்துவோரின் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

அந்தமானுக்கு இந்தக் கவலைகள் தாமதமாகவே வந்தன. செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளில் இணையமே அரிதாக, மெதுவாக ஊர்ந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர்; செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். சாந்தோம் கரையில் கடலில் இறங்கும் அவ்வடம் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை செல்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் வீடுகளிலும் இன்று தொலைக்காட்சி, விளக்கு, கதவுக் கேமரா என்று எல்லாம் வைஃபையில் ஏறிவிட்டன.

இதில் காலத்தின் ஒரு விளையாட்டு உண்டு. வடம் வந்த அடுத்த மாதமே ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 14 வெளியாயிற்று. ஒவ்வொரு வைஃபை வலையமைப்பிலும் தன் உண்மை முகவரியை மறைத்து ஒரு புனை முகவரியைக் காட்டும் வழக்கத்தை அது ஐபோன்களில் இயல்பாக்கியது. ஆண்ட்ராய்டு 10 அதற்கு முந்தைய ஆண்டே இதைத் தொடங்கியிருந்தது. அகன்ற இணையம் தீவின் வீடுகளுக்குள் நுழைந்த அதே பருவத்தில், உலகின் கைபேசிகள் முகமூடி அணியத் தொடங்கின.

முகமூடிக்கு நியாயமான காரணம் இருந்தது. வைஃபைக் கருவி ஒவ்வொன்றுக்கும் ‘மேக் முகவரி’ என்னும் 48 பிட் எண் உண்டு. பன்னிரண்டு எழுத்துருக்களாக எழுதப்படும் அதன் முதற்பாதி, வழக்கமாகச் சில்லைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். கடைத்தெருவில் நடப்பவரின் கைபேசி இவ்வெண்ணைத் தானாகவே காற்றில் சொல்லிக்கொண்டு போனதால், அவர் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைப் பிறர் குறித்துவைக்க முடிந்தது. முகமூடி அதைத் தடுக்கிறது. அதன் பக்கவிளைவாக, சொந்த வீட்டின் பட்டியலிலேயே மகளின் கைபேசி அறியப்படாத கருவியாய் நிற்கிறது.

ஆகவே, பட்டியலில் இருக்கும் அயல் பெயர்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே இருப்பவை. முகவரியின் இரண்டாம் எழுத்துரு 2, 6, அல்லது ஆங்கில எழுத்துகளான ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாயின், அது பெரும்பாலும் முகமூடி அணிந்த ஒரு கைபேசி. ‘எஸ்பிரஸ்ஸிஃப்’ என்னும் பெயர் தெரிந்தால், அந்தச் சீன நிறுவனத்தின் சில்லு பொருத்திய மின்விளக்கோ ஸ்விட்ச் பிளக்கோ அதுவாக இருக்கலாம். பொருளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று; உள்ளிருக்கும் சில்லின் பெயர் வேறு.

ஐயம் தீரவில்லையெனில் முறையாக வினவும் வழி எளிது. வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எந்த வரி மறைகிறது என்று பார்த்து, அதற்கு விளங்கும் பெயர் சூட்ட வேண்டும். சில ரவுட்டர்கள் முன்பு வந்துபோன கருவிகளையும் காட்டும் என்பதையும், மறைவதற்குச் சற்று நேரமாகும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் அணைத்த பின்னும் உயிரோடு நிற்கும் வரியே உண்மையான கேள்வி. அதற்கு விடை சண்டையன்று; கடவுச்சொல்லை மாற்றுவது. வைஃபையின் கடவுச்சொல்லோடு ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றி, பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்து, விருந்தினருக்குத் தனி இணைப்பு தந்தால் போதும். மேக் முகவரியை மட்டும் வைத்துக் காவல் போடுவது பயன் தராது. ஒரு முகவரியைப் பார்த்து அப்படியே நகலெடுக்கலாம். அது எம்டனின் நான்காவது புகைபோக்கி.

6

உண்மையான அயலார் இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. 2024 நவம்பரில் பேரன் தீவுக்கு அருகே கடலோரக் காவற்படை ஒரு மீன்பிடிப் படகை மடக்கியது. அதில் ஏறத்தாழ 6,000 கிலோ மெத்தம்ஃபெட்டமைனும் மியான்மர் நாட்டவர் அறுவரும் இருந்தனர். கூடவே ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவி ஒன்றும் இருந்தது. அச்சேவைக்கு அப்போது இந்தியாவில் அனுமதி இல்லை. அக்கருவியை வாங்கியவர் யார், எப்போதிலிருந்து பயன்பாட்டில் உள்ளது என்னும் விவரங்களைக் காவல்துறை சட்டப்படி அந்நிறுவனத்திடம் கேட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன் அதே கடலில் கேட்கப்படாமல் போன கேள்வி இதுதான்: கருவி எது, அது யாருடையது, சான்று என்ன?

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் இறுதிக் குறள் இரண்டு பிழைகளை ஒரே தட்டில் வைக்கிறது. ஆராயாமல் ஒருவனை நம்புவது ஒன்று. ஆராய்ந்து தேர்ந்தவன்மேல் ஐயம் கொள்வது மற்றொன்று. இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறது. பினாங்கு முதற்பிழையின் ஊர்; போர்ட் பிளேர் இரண்டாம் பிழையின் ஊர். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஆராய்தல்.

தமிழில் ‘அயல்’ என்னும் சொல்லுக்குப் பக்கம் என்றும் பொருள். வேற்று என்றும் பொருள். அயலார் என்பவர் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம், அறியாதவராகவும் இருக்கலாம். எவர் என்பதைச் சொல் சொல்லாது. சொல்லப்படும் இடம்தான் சொல்லும். ரவுட்டரின் பட்டியலில் ஒளிரும் அறியாப் பெயரும் அப்படிப்பட்டதே. அது விசாரணையின் முதல் வரி. அதைத் தீர்ப்பின் கடைசி வரியாக வாசித்தவர்கள் விட்டுச்சென்றதை அறிய விரும்புவோர், ஹம்ஃப்ரேகஞ்ச் நினைவிடத்தில் சற்று நேரம் நின்று வரலாம்.